பிரேக்கைப் பெரிதாக்கிய பின் சக்கரம் உரசினால்: ஒரு பழைய கோல்ஃப் காரை முன்வைத்து

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. தந்தை விட்டுச்சென்ற 1981ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரைப் புதுப்பித்து வருகிறார். முன்பக்கம் இருந்த 239 மில்லிமீட்டர் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, 256 மில்லிமீட்டர் காற்றோட்ட டிஸ்க்கையும் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் கொண்ட காலிப்பரையும் (உராய்வுக் கட்டைகளான பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிடி) மாட்டியிருக்கிறார். டிஸ்க் புதியது. காலிப்பர்கள் இரண்டும் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில், வெவ்வேறு கார்களிலிருந்து, உள்ளிருந்த பேடுகளோடு வாங்கியவை. தந்தை வைத்திருந்த 13 அங்குல மேக் வீல்களை (அலாய் சக்கரங்களை)ப் போட்டு இறுக்கியதும் இடப்பக்கச் சக்கரம் அசையவே இல்லை. வலப்பக்கச் சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசுகிறது. சக்கரத்தை வெளியே தள்ளும் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் தகட்டைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்களாம். போடலாமா என்பது கேள்வி.

தம்பி, ஸ்பேசரை இப்போது வாங்க வேண்டாம். பிற்பாடு அது தேவைப்படலாம். ஆனால் எது எதன்மேல் உரசுகிறது, எந்த நிலையில் உரசுகிறது என்பது தெரியாமல் வாங்கும் ஸ்பேசர் ஒரு குறையை மறைத்து இன்னொன்றை உண்டாக்கும். உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே டிஸ்க், ஒரே வகைக் காலிப்பர், ஒரே தொகுதிச் சக்கரம். அப்படியிருந்தும் ஒரு பக்கம் பூட்டிக்கொள்கிறது, மறுபக்கம் சுற்றுகிறது. அளவுப் பொருத்தம் மட்டுமே சிக்கலாக இருந்தால் இரு பக்கமும் ஒன்றுபோலவே நடந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவோம்.

முதல் வேலை, சக்கரங்களைப் பக்கம் மாற்றி மாட்டிப் பார்ப்பது. பத்து நிமிடம் கூட ஆகாது. இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கம் போட்டதும் உரசலும் கூடவே வந்தால் குற்றம் சக்கரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இடப்பக்கம் பாதையோரப் பக்கம் என்பதால் குழிகளில் அடிபடுவதும் அந்தப் பக்கத்துச் சக்கரந்தான். உள்விளிம்பு நெளிந்த பழைய மேக் வீலை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சக்கரத்தை மாற்றிய பிறகும் இடப்பக்கமே பூட்டிக்கொண்டால் குற்றம் ஹப்பிலோ (சக்கரம் அமரும் நடுப்பகுதி) காலிப்பரிலோ இருக்கிறது.

என் ஊகம் காலிப்பரின் மேல்தான், அதிலும் பேடுகளின் மேல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் காலிப்பர் மிதக்கும் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் ஒன்றே ஒன்று, அது காரின் உட்பக்கத்தில் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் பிஸ்டன் உட்பேடை டிஸ்க்கின்மேல் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விளைவாகச் சட்டகம் முழுவதும் தன் ஊசிகளின்மேல் வழுக்கி, வெளிப்புற விரல்களால் வெளிப்பேடை டிஸ்க்கை நோக்கி இழுக்கிறது. ஆகவே வெளிப்பேட் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் அந்த விரல்கள் டிஸ்க்கைவிட்டு வெளியே, அதாவது சக்கரத்தின் ஆரக்கால்களை நோக்கி நிற்கும். பேட் தேயத் தேயச் சட்டகம் காரின் உட்பக்கமாகப் பின்வாங்கும். புதுப் பேடும் புது டிஸ்க்கும் இருக்கும் நாளில்தான் ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆகக் குறைவு.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் சட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் என்னுடைய கோல்ஃபுக்கு இதே மாற்றத்தைச் செய்தேன். காலிப்பரில் பாதி தேய்ந்த பேடுகள் இருந்தன. ஆரக்காலின் முதுகுக்கும் காலிப்பருக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது; தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நான்கு மாதம் கழித்துப் புதுப் பேடுகளைப் போட்டுச் சக்கரத்தை மாட்டி, காரை முற்றத்திலிருந்து பின்னால் எடுத்தபோது கல் உரலில் மாவு அரைப்பது போன்ற ஓசை வந்தது. சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் நான்கு ஆரக்கால்களின் முதுகிலும் ஒரே உயரத்தில், அரைவட்டமாக, பளபளக்கும் வெள்ளிக் கீறல். பழைய வெளிப்பேடைவிடப் புதியது 5 மில்லிமீட்டர் தடிமன் அதிகம். என்னிடம் இருந்த 4 மில்லிமீட்டர் இடைவெளி அந்தப் புதுப் பேடோடு போயிற்று.

உங்கள் இரு காலிப்பர்களும் வெவ்வேறு கார்களிலிருந்து வந்தவை என்பதால் பேடுகள் ஒரே அளவு தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பக்கமும் வெளிப்பேடின் உராய்பொருளை மட்டும், பின்தகட்டை விட்டுவிட்டு, வெர்னியரால் அளந்து பாருங்கள். இடப்பக்கம் 9, வலப்பக்கம் 5 என்று வந்தால் உங்கள் புதிர் அங்கேயே முடிந்தது. அப்படியானால் வலப்பக்கம் சுற்றுகிறதே என்று நீங்கள் ஆறுதல் கொள்வதற்கும் ஒன்றுமில்லை. புதுப் பேட் போடும் நாளில் அதுவும் இடப்பக்கத்தைப் போலவே பூட்டிக்கொள்ளும்.

பேடுகள் சமமாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வழுக்கும் ஊசிகள். சட்டகத்தைக் கையால் பிடித்து அசைத்தால் அது உள்ளும் புறமும் தடையின்றி நகர வேண்டும். வெட்டவெளியில் மழையிலும் உப்புக் காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்த காலிப்பரின் ஊசிகள் துருவேறி இறுகி, சட்டகம் வெளிப்பக்கமாகவே நின்றுவிடுவது டர்பனில் அன்றாடக் காட்சி. ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மட்டும் தடவி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றுங்கள். சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை ஊதிப்போகச் செய்துவிடும்.

மூன்றாவது, அமர்வு. ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு இருந்தால் டிஸ்க்கும் அதன்மேல் அமரும் சக்கரமும் சாய்ந்துவிடும். ஹப்பின் விளிம்பில் 0.2 மில்லிமீட்டர் பொருக்கு இருந்தால் அதைவிட இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் ரிம்மில் அது 0.4, 0.5 என்று பெருகிக் காட்டும். கம்பித் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். டிஸ்க்கை ஹப்போடு பிடித்து நிறுத்தும் அந்த ஒற்றைச் சின்னத் திருகையும் கவனியுங்கள். அதன் தலை டிஸ்க்கின் முகத்தோடு சமமாக அமிழ்ந்திருக்க வேண்டும். வேறு ஏதோ திருகைப் போட்டு, அதன் தலை ஒரு நூலளவு துருத்திக்கொண்டிருந்தாலும் சக்கரம் நேராக உட்காராது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசுவதாகச் சொல்லும் உங்கள் வலப்பக்கத்துக்கு இதுவும் காரணமாகலாம். காலிப்பர் அசையாமல் நிற்கிறது, சக்கரந்தான் சுற்றுகிறது. ஓரிடத்தில் மட்டும் உரசினால் சக்கரத்தில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிட நெருங்கி வருகிறது என்று பொருள். சாய்ந்த அமர்வு, நெளிந்த ரிம், உட்பக்கம் ஒட்டிய சமநிலை எடை, இந்த மூன்றில் ஒன்று. எடையாக இருந்தால் அதைப் பிய்த்து வேறு தளத்தில் ஒட்டச் சொன்னால் முடிந்தது. அந்த எடைகள் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அளக்கும்போது எல்லோரும் மறக்கும் பொருள் அது.

உரசுவது சக்கரந்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தூசித் தகடு 239 மில்லிமீட்டர் டிஸ்க்குக்காக வளைக்கப்பட்டது. 256 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு அதில் படக்கூடும். அந்த ஓசை சக்கரம் உரசும் ஓசையைப் போலவே இருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு போல்ட்டால் டிஸ்க்கை மட்டும் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். ஓசை அப்போதும் கேட்டால் தகரக் கத்தரியால் தகட்டின் ஓரத்தைச் சீராக வெட்டிவிடலாம்.

இவற்றையெல்லாம் முடித்தபின் அளவெடுப்புக்கு வருவோம். புது வெளிப்பேடுகளைப் போட்டு, பிரேக்கை இரண்டு முறை மிதித்து, சட்டகம் தன் இடத்தில் நின்றபின்தான் அளக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பிரெஸ்டிக் என்னும் ஒட்டுக்களியைச் சிறுசிறு உருண்டைகளாகப் பிடித்து, காலிப்பரின் முகத்தில், அதாவது ஆரக்கால்களைப் பார்க்கும் பக்கத்தில் மூன்று இடங்களிலும், அதன் முதுகில், அதாவது ரிம்மின் உட்சுவரைப் பார்க்கும் பக்கத்தில் மூன்று இடங்களிலும் ஒட்டுங்கள். அவை சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மேலே கொஞ்சம் ரொட்டி மாவைத் தூவுங்கள். வீட்டில் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், சொல்லிவிடுங்கள். சக்கரத்தை நேராகத் தள்ளி மாட்டி, எதிரெதிரான இரு போல்ட்டுகளை இறுக்கி, முடிந்தால் ஒரு சுற்று கையால் சுற்றுங்கள். கழற்றியபின் நசுங்கிய உருண்டைகளைப் பிளேடால் நறுக்கி, மிச்சமிருக்கும் தடிமனை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழுவதும் நசுங்கி உலோகம் தெரிகிற இடந்தான் உரசும் இடம்.

எவ்வளவு இடைவெளி போதும்? முகத்திலும் முதுகிலும் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. டிஸ்க் சூடாகி விரிவதற்காக இவ்வளவு தேவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த விரிவு சொற்பந்தான். 128 மில்லிமீட்டர் ஆரமுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் 400 பாகை சூடேறினாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான் வளரும். வளைவுகளில் காரின் எடை ஒரு பக்கம் சாயும்போது ரிம்மும் ஹப்பும் நெகிழ்வது, பழைய பேரிங்கின் தளர்வு ரிம்மில் பெருகித் தெரிவது, சக்கரத்துக்குள் புகுந்த ஒரு சிறு கல் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கிக்கொள்வது ஆகியவற்றுக்காகவே அந்த 3 மில்லிமீட்டர். பேரிங்கில் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால்கூட ரிம்மில் அது 0.2 வரை போகும். ஆகவே பேரிங்குகள் பழையனவாக இருந்தால் சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து ஆட்டிப் பார்த்தபின் அளவெடுங்கள்.

இனி, உருண்டைகள் என்ன சொல்லும் என்பது.

உங்கள் விஷயத்தில் முதுகுப் பக்கந்தான் நசுங்கியிருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. 13 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் ஏறத்தாழ 330 மில்லிமீட்டர். டயரை மாட்டுவதற்காக ரிம்மின் நடுவே விடப்படும் பள்ளம் இருபுறமும் சேர்த்து 35 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே இறங்குகிறது; அதோடு உலோகத்தின் தடிமனையும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 285 முதல் 290 வரை. பழைய 239 டிஸ்க்கின் விளிம்புக்கு மேலே காலிப்பரின் பாலம் (டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி இரு பக்கத்தையும் இணைக்கும் பகுதி) 20 மில்லிமீட்டர் நின்றது என்று வைத்துக்கொண்டால் அது அடைத்த விட்டம் 279, தப்பியது. 256 டிஸ்க்கில் அதே பாலம் 296 ஆகிறது. பள்ளத்துக்கு நேராக வந்தால் நிச்சயம் இடிக்கும். இந்த எண்கள் கணக்குக்காகச் சொன்னவை, உங்கள் ரிம்மையும் காலிப்பரையும் நீங்களே அளக்க வேண்டும். ஆனால் டிஸ்க்கின் விட்டம் 17 மில்லிமீட்டர் கூடினால் காலிப்பர் 8.5 மில்லிமீட்டர் வெளியே ஏறுகிறது என்பதில் மாற்றமில்லை.

முதுகில் இடிக்கும் சக்கரத்துக்கு ஸ்பேசர் மருந்தல்ல. அது சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துமே தவிர ரிம்மின் விட்டத்தைக் கூட்டாது. பள்ளம் ரிம்மின் முன்பக்கத்தில் இருந்து, காலிப்பரின் முனை அதில் ஓரிரு மில்லிமீட்டரே தட்டினால், சக்கரத்தை வெளியே தள்ளியதும் காலிப்பர் பள்ளத்தைத் தாண்டி அகன்ற பகுதிக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தப்பிப்பு பள்ளத்தின் சரிவை ஒட்டிய தப்பிப்பு; 3 மில்லிமீட்டர் இடைவெளி அங்கே கிடைப்பது அரிது.

காலிப்பரின் முகம் மட்டும் ஆரக்காலின் முதுகில் இடித்து, ரிம்மின் உட்சுவரில் போதிய இடைவெளி இருந்தால் ஸ்பேசர் நியாயமான தீர்வு. அப்போதும் சில நிபந்தனைகள் உண்டு. கோல்ஃபின் நடுத்துளை 57.1 மில்லிமீட்டர்; சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது ஹப்பின் நடுவே துருத்தும் அந்தக் கழுத்து. தட்டையான 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் அந்தக் கழுத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பிறகு சக்கரம் போல்ட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஆகவே தனக்கென்று கழுத்துள்ள ஸ்பேசரையே வாங்குங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்காதீர்கள். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ போல்ட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும். எம்12 போல்ட்டின் புரிக்கு 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. கையால் முடுக்கும்போது முழுதாக 8 சுற்றாவது உள்ளே போனால் 12 மில்லிமீட்டர் பிடிப்பு கிடைக்கிறது. அதற்குக் குறைந்தால் அந்தப் போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். நீளம் கூடினாலும் ஆபத்து உண்டு. முன்பக்கம் போல்ட்டின் நுனி ஹப்பைத் தாண்டிப்போய், ஹப்பைத் தாங்கும் நக்கிளைத் தொடக்கூடும். நீண்ட போல்ட்டை மறந்து பின்பக்க டிரம்மில் போட்டால் உள்ளிருக்கும் ஷூவில் போய்க் குத்தும். போல்ட்டின் கழுத்து உருண்டையா கூம்பா என்பதையும் சக்கரத்தின் துளையோடு ஒப்பிடுங்கள். தொழிற்சாலைச் சக்கரங்களுக்கு உருண்டை, வெளிச்சந்தை மேக் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு. மாறிப்போனால் இறுகியது போலத் தோன்றி ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும்.

ஸ்பேசர் பற்றி எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. இந்தக் காருக்கே உரியது அது. கோல்ஃபின் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டவை: ஒரு சுற்று முன் இடப்பக்கத்தையும் பின் வலப்பக்கத்தையும், மற்றது முன் வலப்பக்கத்தையும் பின் இடப்பக்கத்தையும் இயக்குகிறது. ஒரு சுற்று பழுதானால் ஒரு முன்சக்கரம் மட்டும் பிடிக்கும். கார் அந்தப் பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்டத்தான் ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்தை டயரின் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கமாக வைத்தார்கள். பிடிக்கிற சக்கரம் தானாகவே எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பி, இழுப்பைத் தணிக்கும். சக்கரத்தை வெளியே தள்ளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டரைத் தின்கிறது. 3 மில்லிமீட்டருக்கு நான் கவலைப்பட மாட்டேன்; 15, 20 என்று அடுக்கி அழகு பார்க்கும் காரில் ஏற மாட்டேன்.

அரம் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் யாராவது உங்களிடம் சொல்வார்கள். காலிப்பரின் மேல் வார்ப்பின்போது எழுந்த பிசிறையோ புடைத்த எழுத்தையோ அரத்தால் தேய்ப்பதில் தவறில்லை. அதற்குமேல் பாலத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட எடுக்காதீர்கள். பிரேக் மிதிக்கும்போது சட்டகத்தைப் பிளக்கப் பார்க்கும் விசை முழுவதையும் அந்தப் பாலந்தான் தாங்குகிறது. சக்கரத்தின் உட்சுவரைக் கடைவதோ, டிஸ்க்கின் விளிம்பைக் கடைந்து சிறிதாக்குவதோ பேச்சுக்கே இடமில்லை. டிஸ்க்கைச் சிறிதாக்கினால் பேடின் மேல்விளிம்பு தொங்கிக்கொண்டு, தேயத் தேய ஓர் உதடு உருவாகும். அத்தோடு பெரிய டிஸ்க் வாங்கியதன் பயனும் போயிற்று.

ஆகவே முதுகில் இடிக்கிறது என்று உறுதியானால் உங்களுக்கு நான் சொல்வது 14 அங்குலச் சக்கரம். டயர் அமரும் விட்டம் 355 மில்லிமீட்டராகிறது. பள்ளத்தையும் உலோகத்தையும் கழித்தால் 310 அளவுக்கு மிஞ்சும். மேலே சொன்ன 296க்கு இருபுறமும் 7 மில்லிமீட்டர் காற்று கிடைக்கிறது. டயரின் மொத்த உயரமும் மாறாது. 155/80 ஆர்13 டயரின் விட்டம் 578 மில்லிமீட்டர், 175/70 ஆர்13இன் விட்டம் 575, 185/60 ஆர்14இன் விட்டம் ஏறத்தாழ 578. வேகமானி பொய் சொல்லாது, கியரும் கனக்காது. 195/50 ஆர்15 போட்டாலும் 576தான் வருகிறது. இளைஞர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். 280 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குப் போகிறவருக்கு 15 தேவை. 256க்கு அது தேவையில்லை, குழியில் விழும்போது முதுகெலும்பு அதற்கான வாடகையைக் கட்டும்.

சக்கரம் வாங்கப் போகும்போது எண்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம், 57.1 நடுத்துளை, 38க்கு அருகில் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) என்று எல்லாம் பொருந்தியும் ஆரக்காலின் முதுகு உட்குழிந்திராமல் காலிப்பரில் இடிக்கும் சக்கரங்கள் உண்டு. ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் கொண்ட இரு சக்கரங்களில் ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாமல் போவது இதனால்தான். தடித்த அட்டை ஒன்றில் காலிப்பரின் வெட்டுமுகத்தை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் சக்கரம் அமரும் முகத்தை அடிக்கோடாக வைத்து, ஹப்பின் நடுக்கோட்டிலிருந்து காலிப்பரின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த முகத்திலிருந்து அது எவ்வளவு வெளியே வருகிறது என்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து இணைத்தால் போதும். இரண்டு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். கடையில் சக்கரத்தைக் கவிழ்த்துவைத்து, அட்டையின் அடிக்கோட்டைச் சக்கரம் ஹப்பில் அமரும் முகத்தில் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினால், பணம் கொடுக்குமுன்பே விடை தெரிந்துவிடும். என்னுடைய அட்டை எண்ணெய்க் கறை படிந்து இன்னும் சுவரில் தொங்குகிறது. அதைக் கடன் வாங்கிப் போனவர்கள் பலர்.

அகலத்தையும் கவனியுங்கள். 5.5 அங்குல அகலத்திலிருந்து 6 அங்குலத்துக்குப் போனால், ஆஃப்செட் அதேயாக இருந்தாலும், ரிம்மின் உள்விளிம்பு சக்கரத்தின் உட்பக்கம் நிற்கும் ஸ்ட்ரட்டை (அதிர்வுதாங்கித் தூணை) 6 மில்லிமீட்டர் நெருங்கும். பழைய சக்கரங்களைப் புதுப்பித்து வண்ணம் பூசித் தருகிறார்கள் அல்லவா, அவற்றில் ஹப்பில் அமரும் முகத்தையும் போல்ட் துளையையும் சேர்த்துப் பூசியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த வண்ணப் படலம் நசுங்கும்போது போல்ட்டுகள் தளரும்.

எல்லாம் மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ரப்பர்க் குழாய் டயரிலோ ரிம்மிலோ படுகிறதா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் ஒரு முறை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்திய நிலையில் ஒரு முறை. காலிப்பர் மாறியதும் குழாயின் வளைவும் மாறியிருக்கும். காற்றை வெளியேற்றும் முலை காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இடம் வலம் மாறி மாட்டப்பட்ட காலிப்பரில் அது கீழே போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் காற்று போகாது.

முதல் ஓட்டத்தை நெடுஞ்சாலையில் வைக்காதீர்கள். வெற்று வாகன நிறுத்தம் ஒன்றில் எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றி, இரு பக்கமும் இறுக்கமாகத் திரும்பி, வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கிளம்புமுன் காலிப்பரின் முகத்திலும் முதுகிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருந்தால், எங்காவது தொட்டிருந்தால் கோடு அழிந்திருக்கும். கோடு அப்படியே இருந்தால் பேடுகள் பழகியபின் ஒரு நாள் காலையில் க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக இறங்குங்கள், லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, கீழ்க் கியரில். அந்தச் சரிவின் சூட்டிலும் வளைவுகளிலும் கோடு அழியவில்லையென்றால் உங்கள் இடைவெளி உண்மையானது. போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரேக் மாற்றத்தையும் சக்கர மாற்றத்தையும் எழுத்தில் தெரிவித்துவிடுவதும் நல்லது. விபத்துக்குப்பின் தெரிவிப்பது தாமதம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது சக்கரங்களைப் பக்கம் மாற்றிப் பார்ப்பதும், இரண்டு வெளிப்பேடுகளின் தடிமனை அளப்பதுந்தான். அந்த இரண்டு எண்களையும், புதுப் பேடோடு எடுத்த ஆறு உருண்டைகளின் தடிமனையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. 13 அங்குலச் சக்கரங்களை விற்றுவிடலாமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் சக்கரங்கள் என்பதால் அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.